கல்பாலத்தில் இரண்டு வண்டிகள்

பெருமாட்டியில் எங்கள் தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதைக் கடக்க ஒரே ஒரு கல்பாலம். ஒருவர் போனால் இன்னொருவர் நிற்க வேண்டும். என் ஆராய்ச்சி அந்தக் கல்லில்தான் வந்து முட்டிக்கொண்டது.

நான் செய்தவை ஆளில்லாமல் ஓடும் இரண்டு சின்ன வண்டிகள். தேங்காயை ரோட்டோரம் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஆட்டிவைக்கத் தலைமைக் கணினி எதுவும் கிடையாது. தான் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று ஒவ்வொரு வண்டியும் மற்றதற்கு வைஃபையில் சொல்லும். கேட்டதை வைத்துத் தன் வழியைத் தானே கணக்குப் போடும். அன்று சாயங்காலம் வண்டிகளைக் கல்லூரியில் ஒப்படைத்தாக வேண்டும். அதற்குள் முழுதாக ஒரு நடை வீடியோவில் பதிவாகவில்லை என்றால் என் திட்டத்தை மூடிவிடுவார்கள். பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

"இந்தப் பொட்டி என்னத்தச் சொமக்கப் போகுது அம்மிணி" என்றார் அப்பா.

மரங்களுக்கிடையே இரண்டும் ஜோராக ஓடின. பாலத்துக்கு வந்தபோதுதான் வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையானது. இந்தப் பக்கம் தேங்காயோடு ஒன்று, அந்தப் பக்கம் காலியாக ஒன்று. எதிரே வண்டி வந்தால் வழிவிடு என்று எழுதியிருந்தேன். இரண்டும் பின்வாங்கின. பாலம் காலி என்று இரண்டும் முன்னால் வந்தன. மறுபடி பின்வாங்கின.

"கலியாண ஊட்டுல பந்திக்கு நீங்க மொதல்ல, நீங்க மொதல்லன்னு சொல்றவங்க கணக்கா நிக்குதுங்களே."

"செத்த சும்மா இருங்கப்பா" என்று எரிந்து விழுந்தேன்.

அப்பா சிரித்துக்கொண்டே ரோட்டுக்குக் கிளம்பினார். பாலத்தில் பக்கத்துத் தோட்டத்து மாமா புல்லறுக்க எதிரே வந்தார். இருவரும் வெறுங்கை.

"வாங்க மாப்ள, நீங்க வாங்க."

"இல்லீங்க மச்சா, நீங்க போங்க."

ஒன்றாக விலகினார்கள், ஒன்றாக அடியெடுத்தார்கள், மறுபடி விலகினார்கள். என் வண்டிகளேதான். இந்த ஊரில் வளர்ந்தவள் வேறென்ன எழுதியிருப்பேன்? கோபம் போய் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா ரோட்டிலிருந்து திரும்பும்போது மாமா தலையில் புல்லுக்கட்டோடு பாலத்துக்கு வந்தார். இந்த முறை பேச்சே இல்லை. அப்பா ஒதுங்கி நின்றார், மாமா கடந்துபோனார். சுமைக்கு வெறுங்கை வழிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தெரியாமலும் இருந்ததில்லை. வண்டிக்குச் சொல்லத்தான் தோன்றவில்லை.

எடை பார்க்கும் சென்சார் வண்டித் தட்டுக்கு அடியில் ஏற்கெனவே இருந்தது. அந்த எடையையும் ஒன்றுக்கொன்று சொல்லட்டும், கனமானது முதலில் போகட்டும் என்று மாற்றி எழுதினேன். சுமை எப்போதும் ரோட்டுப் பக்கமே போவதால் இரண்டு சுமைகள் எதிரெதிரே வர வழியில்லை. அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டது காதிலேயே ஏறவில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஓடவிட்டு, செல்போனில் பிடித்தேன். காலி வண்டி அக்கரையில் சமர்த்தாக நின்றது. தேங்காய் வண்டி பாலத்தை நெருங்கியது. அப்போது பார்த்து, வேடிக்கை பார்க்க வந்த அப்பா பாலத்து நடுவில் இருந்தார். குறுக்கே ஆள் இருந்தால் நிற்கும்படி எழுதியிருந்ததால் வண்டி நின்றுவிட்டது.

அப்பா வண்டியைப் பார்த்தார். வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி நின்றார். வண்டி கடந்துபோனது.

திட்டம் தொடரட்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். தண்ணீரில் நிற்பவர் யார் என்றும் கேட்டார்கள்.

"எங்க அப்பாங்க. கையில சொமை ஒண்ணுமில்லீங்க, அதான் எறங்கி நிக்கறாருங்க" என்றேன்.