நோட்டில் வெளுக்காத பச்சை

மாடிவீட்டு அக்காவைத் தெருவில் எல்லோரும் ‘சட்டியக்கா’ என்பார்கள். சமையலுக்கு ஒரு சட்டியும் சாயத்துக்கு ஐந்து சட்டியும் வைத்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பகலெல்லாம் சலவைக் கடையில் ஊரார் துணியின் கறையை எடுப்பாள். வீட்டுக்கு வந்தால் வெள்ளைக் கம்பளி நூலை எடுத்து வைத்துக்கொண்டு அதில் கறை ஏற்றுவாள். கீழ்வீட்டில் தையல் மிஷின் ஓட்டுபவள் நான். மேலே பட்டையும் இலையும் வெங்காயத் தோலும் கொதித்தால் வாடை நேராக என்னிடம்தான் வரும். அளவு கொடுக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இரண்டு தடவை மாடிப்படியில் நின்று கத்தியிருக்கிறேன். அவள் மறுநாளிலிருந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொதிக்க வைத்தாள். அந்த ஆவியில் தனியாக உட்கார்ந்திருந்தாளே என்று இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விற்பதற்கென்று அவள் சாயம் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பையோடு ரயில் பாதையோரம் கிளம்பிவிடுவாள். திரும்பும்போது பை நிறையச் செடி, கையெல்லாம் கீறல். நூலைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, சாயத்தில் முக்கி, காயவைத்து முடித்ததும் விரல்நீளத் துண்டு ஒன்றை வெட்டி நோட்டில் ஒட்டுவாள். பக்கத்தில் தேதி, என்ன செடி, எத்தனை பிடி என்று எழுதுவாள். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று நோட்டைக் கறுப்புத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பாள். கைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பொத்தி வளர்க்கமாட்டார்கள்.

அவளுக்கு ஒரே மகள். ஐந்து வருடத்துக்கு முன்னால் வெளியூரில் ஆபீஸ் வேலை என்று கிளம்பினாள். சலவைக் கடை கவுண்டரிலேயே சேர்ந்துவிடு என்று அம்மா, மாட்டேன் என்று மகள். ஒரு வாரம் மேல்வீட்டில் சட்டிகள் சத்தமாகவே கீழே வைக்கப்பட்டன. புறப்பட்ட அன்று மகள், அம்மா சாயமேற்றிப் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்தாள். மாடிப்படியில் வைத்து அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

“போய் நல்லா இருந்தா எழுது. இல்லன்னா எழுதாத.”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. மகள் எழுதவில்லை. தபால்காரர் தெருவுக்குள் வந்தால் அக்கா எதையோ தொலைத்தவள்போல் வாசலில் குனிந்து தேட ஆரம்பித்துவிடுவாள். நான் கேட்டால், ஆபீஸில் அவளுக்கு வேலை ஜாஸ்தி என்பாள்.

இந்த வருடம் மழை முடிந்த சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. மூன்றே வரி. ஸ்வெட்டரில் முழங்கை கிழிந்துவிட்டது, அடைத்துப் பின்ன அதே நிறத்தில் கொஞ்சம் நூல் வேண்டும், முடிந்தால் அனுப்பு. முகவரி இருந்தது, போன் நம்பர் இல்லை. அதையே அக்கா நாலு தடவை என்னைப் படிக்கச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. இன்னும் அதைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இந்த நூல் சரியாக அமைந்துவிட்டால் மகளும் திரும்பக் கிடைத்துவிடுவாள் என்று அவள் நம்பியது முகத்திலேயே தெரிந்தது.

அந்தப் பச்சை லேசில் வருவதில்லை. ரயில் பாதையோரத்து மஞ்சள் பூச்செடி மழைக்குப் பிறகு மூன்று வாரம்தான் பூக்கும். பூவை வேகவைத்த மஞ்சள் சாயத்தில், துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பச்சை இறங்கும். ஒரு சொட்டு கூடினாலும் சேற்று நிறம். முதல் சட்டி மஞ்சளாகவே நின்றது, இரண்டாவது சேறு, மூன்றாவது கிட்டத்தில் வந்து காலை வாரியது. கடைக்கு லீவு போட்டுவிட்டு நாலாவது சட்டி வைத்தாள். அன்றைக்கு நானே மேலே போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

நூல் காய்ந்ததும் நோட்டையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடி வந்தாள். என் ஜன்னல் வெளிச்சத்தில், நோட்டில் இருந்த ஸ்வெட்டர் நூல் துண்டையும் புது நூலையும் சேர்த்து வைத்தாள். எது பழசு, எது புதுசு என்று தையல்காரி கண்ணுக்கே தெரியவில்லை. பாராட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? ஒட்டுப் போடுவது என் தொழில். பழைய சட்டைக்குப் புதுத்துணியில் ஒட்டுப் போட்டால் அது பல்லிளிப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

“ஏன்க்கா, நோட்டு இருட்டுலயே இருந்துச்சு. ஸ்வெட்டர் இப்பவும் இதே பச்சையாவா இருக்கும்?”

அவள் முகம் சுண்டிவிட்டது. நிறம் போய்விடும் என்று நோட்டைப் பொத்திப் பொத்தி வைத்தவளுக்கு இது தோன்றவே இல்லை. அவள் மனதில் மகள் அந்த மாடிப்படியிலேயே, அதே பச்சையில், ஐந்து வருடமாக நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

ஸ்வெட்டரிலிருந்து ஒரே ஒரு இழை அனுப்பச் சொல்லி எழுதினாள். பதினெட்டாம் நாள் கவர் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. மடித்த தாளுக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் இழை இருந்தது, காய்ந்த புல்லின் நிறத்தில்.

துவைத்துத் துவைத்து வெளுத்திருக்கும் என்று சமாதானம் சொன்னேன். அக்கா இழையின் முறுக்கைப் பிரித்தாள். உள்ளே பச்சை அப்படியே இருந்தது. துவைத்துப் போன நிறம் உள்ளும் புறமும் ஒன்றாகப் போகும், வெளியே மட்டும் வெளுத்தால் அது வெயில் என்றாள். கடைக்கு வரும் வாசல் காவலாளிகளின் சட்டையில் தோள்பட்டை இப்படித்தான் இருக்குமாம். சலவைக் கடைக்காரியிடம் நான் என்ன வாதாடுவது? குளிருக்கு மட்டும் போடுகிற துணிக்கே இந்தக் கதி என்றால், மற்ற மாதங்களை நினைக்கவே பயமாக இருந்தது.

“ஆபீஸ்னு சொன்னாளே,” என்றாள். இழையை உள்ளங்கையில் வைத்து நீவினாள். “இவ்ளோ வெயில்லயா இருந்திருக்கா எம் பொண்ணு?”

அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். நல்லா இல்லன்னா எழுதாதே என்று சொன்னதை மகள் ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் அந்த அழகான பச்சை நூலைக் கொண்டுபோய் மொட்டைமாடிக் கொடியில், உச்சி வெயிலில் போட்டாள். பிறகு ஒரு தாளில் எழுதி, சரியாக இருக்கிறதா பார் என்று என்னிடம் நீட்டினாள்.

“நூல் உன் நிறத்துக்கு வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்காத. நல்லா இல்லன்னாலும் எழுது.”

அந்தக் கடிதம் போய் ஆறு வாரம் ஆகிறது. நூலும் ஒத்துப்போய், அதையும் அனுப்பியாகிவிட்டது. தபால்காரர் வந்தால் இப்போதெல்லாம் அக்கா குனிந்துகொள்வதில்லை. நிமிர்ந்து நின்று அவர் கையையே பார்க்கிறாள்.