தேவகி வைத்த கை

போன சனிக்கிழமை காலை. வாசலில் கீரை வண்டி. ஒரு கட்டு அரைக்கீரைக்காக நான் நின்றுகொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் என் தோள்பட்டையையே பார்க்கிறாள். பல்லி கில்லி விழுந்துவிட்டதோ என்று அவசரமாகத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

"இல்ல ஆன்ட்டி, நைட்டியைப் பார்த்தேன். கை எவ்ளோ நீட்டா உக்காந்திருக்கு... யார்கிட்ட தெச்சீங்க?"

கீரையை வாங்கிக்கொண்டு, பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லை நான். கேட்காத கேள்விக்கே பதில் சொல்பவள். அந்த முந்திரிக்கொட்டைத்தனம்தான் இந்த வாரச் சங்கதி.

மார்ச்சில் ஆரம்பித்தது. சேலையூரில் பனி போனால் நேராக வெயில் வராது. முதலில் புழுக்கம் வரும். கேம்ப் ரோடு கடைகளில் காட்டன் என்று சத்தியம் செய்து விற்கிற நைட்டியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் அடுப்படியில் நின்றால் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அக்குளில் இறுக்கிப் பிடிக்கிறது. கழுத்தெல்லாம் வேர்க்குரு. இந்தக் கோடைக்கு நமக்கு வேண்டியதை நாமே தொளதொளவென்று தைத்துக்கொண்டால் என்ன?

மோட்டார் வைத்த தையல் மிஷின் ஒன்று வாங்கினேன். "ட்ரெட்மில் பக்கத்துலயே வெச்சுடு, அதுக்கும் ஒரு துணை ஆச்சு" என்றார் வீட்டுக்காரர். ட்ரெட்மில்லில் இப்போது ஈரத்துண்டு காய்கிறது என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

பழைய நைட்டியைத் துணிமேல் விரித்து, சாக்பீஸால் வரைந்து, இரண்டு நைட்டிக்கு வெட்டினேன். உடம்புப் பகுதி எப்படியோ ஒப்பேறியது. கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து அக்குள்வரை வளைத்து வெட்டுகிற கைக்குழிக்கும் நான் வெட்டிய கைக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு பக்கம் சுருக்கம், இன்னொரு பக்கம் துணி மிச்சம். நான்கு முறை பிரித்த பிறகுதான் தேவகி ஞாபகம் வந்தது.

தேவகி எங்கள் தெருக்கோடியில் வாடகைக்கு இருப்பவள். நாற்பத்து நாலு வயது. கணவர் இல்லை. பிளஸ் டூ படிக்கிற ஒரே பெண். தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினேழு வருஷம் டெய்லர். பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போனால் கேட் பூட்டியிருந்தது. மிஷின்களை லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறாள். சிறுசேரியில் ஒரு ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு ஒரு கான்ட்ராக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

கூப்பிட்டதும் வந்தாள். மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். குண்டூசி குத்தவில்லை, அளவு பார்க்கவில்லை. இடது கையால் துணியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போனாள். நான் காபி போட்டு எடுத்து வருவதற்குள் நான்கு கையும் வைத்து முடித்திருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை. என் கோணல்மாணல் வெட்டைக்கூட எங்கேயோ இழுத்துச் சரிசெய்திருந்தாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நன்றி சொல்லி, காபி கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டேன். "கோடைக்கு ஏற்ற காட்டன் நைட்டிகள், உங்கள் அளவில்! பதினேழு வருட எக்ஸ்போர்ட் அனுபவம் கொண்ட தேவகி தைத்துத் தருகிறார்..." நீளமாக, அழகாக, பூ படமெல்லாம் வைத்து. சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் துணியோடும் அளவு நைட்டியோடும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மூட்டையையும் என் மிஷினையும் தூக்கிக்கொண்டு தேவகி வீட்டுக்குப் போனேன். ஏதோ பரிசு கொண்டுபோகிற மாதிரி ஒரு துள்ளல் எனக்கு. அவள் மூட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன்கிட்ட என்ன கேக்கறது? இனிமே நீ எதுக்கு சிறுசேரிக்குப் போகணும்? உக்காந்த இடத்துல வேலை."

"இல்லக்கா... கட்டிங் வந்து எனக்கு..."

"எல்லாம் வரும். தைக்கத் தெரிஞ்சவளுக்கு வெட்டத் தெரியாதா?"

அவள் பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்த பிறகு தேவகி மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள்.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். நான் விட்டது அடுத்தவள் காலை.

நாலாம் நாள் போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் துணி. நடுவில் தேவகி கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று துணியை வெட்டியிருந்தாள். ஒன்றில் கழுத்து தோளைவிட அகலம். ஒன்றில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட நாலு விரல் குட்டை. மூன்றாவதைத் தைத்தே முடித்திருந்தாள். உடம்பு முறுக்கிக்கொண்டு நின்றது. அதிலும் கை மட்டும் கச்சிதம்.

"பதினேழு வருஷமும் எனக்குக் கை வெக்கிற வேலைதாங்க்கா. பண்டல் வரும், கை வெப்பேன், அடுத்த டேபிளுக்குத் தள்ளுவேன். மணிக்கு இத்தினினு டார்கெட். கழுத்து வேற லைனு. கட்டிங் வேற பில்டிங்கு, அங்க ஆம்பளைங்க மிஷின்ல வெட்டுவாங்க. எங்க கைல நூல் கட் பண்ற குட்டிக் கத்தரி மட்டும்தான் குடுப்பாங்க. இம்மாம் பெரிய கத்தரிக்கோலை நான் புடிச்சதே இல்லக்கா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தேவகி?"

"சொல்ல வந்தேங்க்கா. எல்லாம் வரும்னீங்க." கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "பாப்பா ஸ்கூல் ஃபார்ம்ல, அம்மா இன்னா வேலைன்னு கேட்ட எடத்துல டெய்லர்னு எழுதுவா. ஒவ்வொரு வருஷமும் அவளே எழுதுவா. அவ முன்னாடி எப்படிக்கா தெரியாதுன்னு சொல்றது?"

ஐடி கம்பெனியில் வேலை என்று யாராவது சொன்னால் உடனே வீட்டு டிவியை ரிப்பேர் செய்யச் சொல்கிறவர்கள் நாம். கம்பெனி என்று ஒன்றுக்குள் போய்விட்டால் எல்லாமே கற்றுக்கொண்டு வெளியே வருவார்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு. பதினேழு வருஷம் ஒரு மனுஷியை ஒரே ஒரு வேலையில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள், அவளுடைய மிச்சத்தைத் தொடவே மாட்டார்கள் என்பது நமக்கு ஏன் தோன்றுவதே இல்லை? எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தேவகி என் மிஷினைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். வெட்டாத ஆறு துணியையும் மடித்து, அளவு நைட்டியோடு திருப்பிக் கொடுத்தாள். வீணான மூன்றுக்கும் அதே ரகத்தில் புதுத்துணி வாங்கி, அவளே வீடு வீடாகப் போய்க் கொடுத்தாள். நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்மா" என்று ஒரு வீட்டு வாசலில் புத்தி சொல்லி அனுப்பினார்களாம். குரூப்பில் முறுக்கிய நைட்டியின் படம் வந்தது. கீழே, "இதுதான் எக்ஸ்போர்ட் குவாலிட்டியா?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள்.

ஒருவராவது என்னைக் குறை சொன்னார்களா? இல்லை. மெசேஜ் போட்டவள் நான், தலைகுனிந்தவள் அவள். நான் செய்ததெல்லாம், என் மெசேஜை டெலீட் செய்ததுதான். தவறு என்னுடையது என்று ஒரு வரி எழுதிப்பார்த்தேன். அனுப்பவில்லை.

அவளைக் கட்டிங் கிளாஸில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். "வேணாங்க்கா. திங்கக்கெழமை சிறுசேரி வேன் வருது" என்றாள். போய்விட்டாள்.

கத்திரி வெயில் ஆரம்பித்த பிறகு ஒரு நாள், காலை நடையில் தெருமுனையில் பார்த்தேன். வேனுக்காக நின்றுகொண்டிருந்தாள். கருநீல யூனிஃபார்ம் கோட்டு, சேலைக்கு மேலே. ஆறு மணிக்கே கழுத்தெல்லாம் வேர்வை.

"துணி ரொம்ப சூடா இருக்குமே தேவகி?"

"ஆமாக்கா, பாலியஸ்டரு. காத்தே போவாது." தோளைத் தொட்டுக் காட்டினாள். "கை வேற தப்பா வெச்சிருந்தாங்க. தூக்கினா இழுக்கும், கண்ணாடி தொடைக்க முடியாது. ராவோட ராவா பிரிச்சு, கைத்தையல்லயே நானே வெச்சுக்கினேன். இப்ப பரவால்ல."

பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. வேன் வந்தது, ஏறிக்கொண்டாள். அவள் என்னிடம் கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு நைட்டியைத்தான் இந்தக் கோடை முழுக்க மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு சுகமாக இருக்கிறது. கை எங்கேயும் பிடிக்கவில்லை. அதைத்தான் போன சனிக்கிழமை அந்தப் பெண் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"தேவகின்னு ஒரு டெய்லர்" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. குரூப்பில் அத்தனை நீளம் எழுதத் தெரிந்தவளுக்கு, அதற்கு மட்டும் வாய் வரவில்லை.