வடிவு கேட்ட இடம்

வடிவுக்கு எதைக் கண்டாலும் கேட்டாக வேண்டும். பஸ்ஸில் பக்கத்து ஆள் மடியில் மூட்டை இருந்தால் உள்ளே என்ன என்பாள். அவிழ்த்துக் காட்டினால் எங்கே வாங்கினது என்பாள். திருநின்றவூர் ஏரிக்குத் தெற்கே அவர்கள் நிலமும் எங்கள் நிலமும் பக்கத்துப் பக்கத்தில். அவள் வாய்க்குப் பயந்து நான் வரப்பு மாறிப் போன நாட்களும் உண்டு.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. கல்யாணமான மறுவருஷம் அவளுக்கு முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. எங்கள் வகையறாவில் அப்படிப் பிறந்ததைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம். புதுப் பானையில் வைத்து மூடி, சொந்த நிலத்திலேயே ஆண்கள் புதைத்துவிட்டு வருவார்கள். இடத்தைத் தாய்க்குச் சொல்லக் கூடாது. தெரிந்தால் அங்கேயே போய் விழுந்து கிடப்பாள், அடுத்த பிள்ளை தங்காது என்று ஒரு பேச்சு. பிறகு அவளுக்கு இரண்டு பெண்கள் பிறந்து பள்ளிக்கூடமும் போனார்கள். கேள்வி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. புருஷன் லோகநாதனைக் கேட்டால், "நைனாதான் பொதச்சாரு, எனுக்குத் தெரியாது" என்பான். நைனா என்றது அவன் அப்பாவை; அவர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

எண்பத்தொன்பதில் அந்த மேட்டு நிலங்களை வீட்டுமனைக்கு எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. அளக்க வந்தவர்கள் பழைய பானை ஓடுகளைப் பார்த்துவிட்டு மேலிடத்தில் சொல்ல, புல்டோசர் விடுவதற்கு முன்னால் தோண்டிப் பார்க்கத் தொல்லியல்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் எத்திராஜ் சார், தொப்பி போட்ட மெலிந்த மனிதர். மண் சுமக்க ஆள் வேண்டும் என்றார். நான் போனபோது வடிவு எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"சொந்த நெலத்துலியே கூலி வேலையாக்கா?" என்றேன்.

"புல்டோசர் வுட்டுட்டா அப்பால எங்கப் போயி தேடுவேன் பால்ராஜு? நோண்டும்போது பக்கத்துல நின்னா எம்புள்ள கண்ணுல படும்ல?"

அதற்குப் பிறகு எத்திராஜ் சார் பாடு திண்டாட்டம்தான். "இன்னாத்துக்கு சார் சதுரமாவே நோண்டுறீங்க? மண்ணப் போயி பிரஷால தேய்க்கிறீங்களே, அது இன்னா பல்லா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நல்ல மனிதர், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. நானாக இருந்தால் சட்டியை வைத்துவிட்டுப் போ என்றிருப்பேன்.

மத்தியானம் எல்லோரும் வடிவு நிலத்து மூலையில் இருந்த புங்க மரத்தடியில் உட்காருவோம். அந்த மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு லோகநாதன் ஏர் ஓட்டியதே கிடையாது. வெள்ளாமை நடந்த நாளிலும் வடிவு கூழ்த் தூக்கை இறக்கி வைத்து உட்காருவது அங்கேதான். "எங்க ஊட்டு மாடு மாதிரி சோம்பேறி மாடு எங்கியும் கெடியாது. இந்த மூலைக்கு வந்தாவே திரும்பிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பாள். லோகநாதனும் சிரித்துவிட்டு பீடி பற்றவைப்பான்.

ஒருநாள் குழியில் இடுப்பாழத்தில் ஒரு சின்னப் பானையின் வாய் தெரிந்தது. மேலே மூடி இருந்தது. வடிவு மண்சட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குள் குதித்தாள். குதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் யாரும் தடுக்கவில்லை. சார் மூடியை எடுத்து உள்ளிருந்த மண்ணைத் தள்ளத் தள்ள, தீக்குச்சி மாதிரி எலும்புகளும் ஒரு பச்சை மணியும் தெரிந்தன.

"எம்புள்ள" என்றாள் வடிவு.

சார் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இல்லம்மா. இந்தப் பானையப் பாருங்க, உள்ள கறுப்பு, வெளிய சிவப்பு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது. இது வேற யாரோ ஒருத்தி பெத்த புள்ள."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அவுளுக்காவுது எடத்தச் சொன்னாங்களா சார்?"

"தெரியலம்மா" என்றார் சார்.

ஒன்று கிடைத்தால் பக்கத்திலும் கிடைக்கலாம் என்று மறுநாள் புங்க மரத்தடியில் அடுத்த குழிக்கு முளைக்குச்சி அடித்து நூல் கட்டினார்கள். எங்களுக்கு டீ வாங்கி வந்த லோகநாதன் தூக்கைக் கீழே வைத்தான். நேராகப் போய் ஒரு முளையைப் பிடுங்கினான்.

"இங்க வாணாம் சார்."

"ஏம்பா?"

அவன் சாரைப் பார்க்கவில்லை, வடிவைப் பார்த்தான். "எங்க மொதப் புள்ள இங்க கீது."

"தெரியாதுன்னியேய்யா" என்றாள் வடிவு.

"சொல்லக் கூடாதுன்னு நைனா சத்தியம் வாங்கிகினாரு. அப்பால பாத்தா நீயே தெனம் வந்து இங்க குந்திகினே. நான் சொல்லாமயே வந்துட்டா, போதும்னு வுட்டுட்டேன். ஏரு மட்டும் படாம பாத்துகினேன்."

எனக்கு அவன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் ஒருத்தியை இப்படித் தவிக்க விடுவதா? ஆனால் அந்த உழாத மூலையைப் பார்த்தபோது அந்தக் கோபம் நிற்கவில்லை.

வடிவு அவனை நார்நாராகக் கிழிப்பாள் என்று நினைத்தோம். அவள் எப்போதும் உட்காரும் இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். கூழ்த் தூக்கைத் திறந்து முதல் வாய்க் கூழை மண்ணில் ஊற்றினாள். "இம்மாம் வருசமும் பக்கத்துல குந்திகினு நான் மட்டும் குட்ச்சேனேய்யா" என்று சொல்லி அழுதாள்.

சார் நூலை அவிழ்த்து வேறு பக்கம் கட்டச் சொன்னார். அந்த மேட்டில் அப்புறம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, மனைத் திட்டமும் நிற்கவில்லை. புல்டோசர் வருவதற்கு முந்தின நாள், பிள்ளையை எடுத்து ஏரிக்கரையில் புதைக்க லோகநாதன் புங்க மரத்தடியில் தோண்டினான். நான் கூட நின்றேன். பிள்ளையைப் புதைக்கப் போகும்போது பெண்கள் கூட வருகிற வழக்கம் எங்களில் கிடையாது. ஏரிக்கரை வரைக்கும் அந்தப் பானையை வடிவுதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.