மேளத்துக்கு எதுக்கு மைக்கு?

கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்க சார்" என்றது அந்தப் பெண். தர்மபுரியில் காது பார்க்கும் இடம். மகள்தான் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சமர்த்தாக அமுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. பரீட்சை முடிந்தது போல என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்த பிறகு சொன்னார்கள், அப்போது பாதிப் பரீட்சைதான் ஆகியிருந்ததாம். மெல்லிய சத்தம், உச்சத்தில் போகிற சத்தம் எல்லாம் எனக்குப் போய்விட்டது. தடித்த சத்தம் மட்டும் மிச்சம். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருத்தப்பட வேண்டிய இடம் என்று எனக்கும் புரிந்தது. ஆனால் வருத்தம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது.

இருபது வருஷம் மைக்செட் போட்டவனுக்கு இது நடக்காவிட்டால்தான் அதிசயம். பாப்பிரெட்டிப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் என் ஸ்பீக்கர்தான். ஆளுயர ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று, அசராமல் டீ குடிப்பேன். அது அந்த வயசுக் கெத்து. இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

திரும்பும்போது மகள் காரில் பாட்டுப் போட்டாள். நன்றாகத் தெரிந்த பழைய பாட்டு. பாடுகிற அம்மாளைக் காணோம். புல்லாங்குழலையும் காணோம். மேளம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்த மேளத்தை வைத்தே பாட்டு எந்த வரியில் போகிறது என்று எனக்குத் தெரிந்தது, கேளுங்கள். அப்போதுதான் லிங்கம் ஞாபகம் வந்தான்.

லிங்கம் பம்பை அடிப்பவன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். பம்பையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு மேளத்தை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கும். இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் குச்சியால் அடிப்பார்கள். நாலு தோல் முகம், நாலும் வேறு வேறு குரல். பாட்டுக்காரர் ஒரு வரி பாடுவார், பம்பை பின்னாலேயே வரும். மைக் பாட்டுக்காரருக்குத்தான். மேளத்துக்கு மைக் வைக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் அன்றைக்குக் கிடையாது. மூன்று ஊருக்குக் கேட்கிற சாமானுக்கு மைக் எதற்கு?

"பம்பையும் பாடும்ணா. நீங்கதான் காது குடுக்க மாட்டீங்கறீங்க" என்பான் லிங்கம்.

"பாடறதுக்குத் தொண்டை வேணும்பா. இது மாட்டுத் தோலு" என்பேன்.

டீக்கடையே சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு சீசன் முழுக்க இதே வம்பு. அவனும் சிரித்துக்கொண்டேதான் போவான், பாவம்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்து ஊர் மாரியம்மன் பண்டிகையில் பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கிணற்றடியில் கரகம் ஜோடித்துத் தயாராக இருக்கிறது. பம்பை இல்லாமல் சாமி கிளம்பாது. பாட்டு இல்லாமல் பம்பை அடித்துப் பழக்கமில்லை. லிங்கம் முன்னால் வந்து, "நான் பம்பையிலயே பாட்டு எடுக்கறனுங்க. ஒரே ஒரு மைக்கு மட்டும் வெய்யச் சொல்லுங்க. மெதுவா அடிக்கிற அடி கூட்டத்துல கேக்காது" என்றான். தர்மகர்த்தா என்னைப் பார்த்தார். "எல்லா ஊர்லயும் கேட்டவன் நீதான். கேட்டுட்டுச் சொல்லு, அது பாட்டா இல்லையான்னு."

என் வேனுக்குப் பின்னால் நின்று லிங்கம் அடித்துக் காட்டினான். குச்சியின் நுனி மட்டும் பட்டது. பொங்கலுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் பாடுகிற கும்மி. இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. எந்த இடத்தில் குரல் ஏறும், எங்கே இறங்கும், அத்தனையும் அந்த நாலு முகத்தில் இருந்தது. எனக்குப் புல்லரித்தது. டீக்கடையில் என்னோடு சிரிக்கிற ஆட்கள் நாலு பேர் வேனை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

"டம்முனுதான்பா கேக்குது. பாட்டெல்லாம் ஒண்ணும் வரல" என்றேன்.

அவ்வளவு அல்பம் நான். லிங்கம் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரிங்கண்ணா" என்றான். வேறு வழியில்லாமல் அன்றைக்குக் கரகம் என் ஸ்பீக்கர் பாட்டுக்குத்தான் கோயிலுக்கு வந்தது. ஸ்பீக்கர் சத்தத்துக்கு யார் மேலும் சாமி வரவில்லை. லிங்கம் பம்பையைக் கழற்றி ஓரமாக வைத்தவன்தான். அந்தப் பண்டிகைக்குப் பிறகு அவனை எந்த ஊரிலும் பார்க்கவில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள்.

காது பார்த்த அடுத்த வாரம், ஒரு வேலையாகப் பாலக்கோடு போனவன் தக்காளி மார்க்கெட்டில் அவனைப் பார்த்தேன். டிராக்டரிலிருந்து தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேடு இறக்கிக்கொண்டிருந்தான். ஊருக்குத் திரும்பி வந்து தக்காளிக் காடு வைத்திருக்கிறான் என்று மார்க்கெட்டில் சொன்னார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. குசலம் விசாரிக்கிற பொறுமைகூட எனக்கு இல்லை.

"அது பாட்டாத்தான் கேட்டுச்சு லிங்கம். அன்னைக்கு நான் சொன்னது பொய்யி."

அவன் என் காதருகே குனிந்தான். "தெரியுங்கண்ணா. உங்க உதடு கூடவே முணுமுணுத்துச்சே. நான் பாத்துக்கிட்டேதான அடிச்சேன்."

"அப்பறம் ஏம்பா அப்பவே கேக்கல?"

"மைக்கு உங்க கையிலதான இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்புறம் ஒரு கிரேடைத் தோளில் ஏற்றி, முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் என்னவோ சொன்னான். நீளமாகத்தான் சொன்னான். மார்க்கெட் இரைச்சலில் ஒரு சொல்கூட எனக்கு எட்டவில்லை. சொல்லி முடித்துத் திரும்பி, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தான். மறுபடி சொல்லு என்று கேட்க வாய் வரவில்லை. தலையாட்டி வைத்தேன். அவன் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, கூட்டத்துக்குள் போய்விட்டான். எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்குத் தெரியாது.