ரப்பர் மரச் சாம்பல்

ஜூன் 11, செவ்வாய். வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து, சிலிபின் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவினேன். பிளாஸ்டிக் வேண்டாமென்று மகள் வாங்கித் தந்த தேங்காய் நாரை நனைத்ததும், அந்த வாசனை என்னை எழுபதுகளில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்துப் பொதுக்குழாயடியில் கொண்டுபோய் விட்டது. தோட்டத்தை விற்றுவிட்டு மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தினமும் சீவிப் பாலெடுத்த அதே மரங்கள் விறகாகி, சாம்பலாகி, எங்கள் சட்டிகளை முகம் தெரியும்படி பளபளக்க வைத்தன.

“சாம்பலுக்குப் பஞ்சமே இல்லலா, அக்கா,” என்றார் பக்கத்து வீட்டு அஞ்சலை.

“தேய்ச்சு என்னா பண்ண? நாளைக்கு இதுல எதப் போட்டு ஆக்குறது?” என்றார் அம்மா.

அன்று கடைசி மரமும் விழுந்தது. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு இல்லை. அம்மா இருட்டிலேயே எழுந்து, முதல் வேலையாக, சுத்தமாயிருந்த சட்டிகளை எடுத்து மறுபடியும் தேய்க்க உட்கார்ந்தார்.