வெட்டாத முந்திரிகை

வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கும்போதே எங்கள் எல்லாருக்கும் அண்ணன் முறையான ஆதம்பாவா காக்கா, சுவரில் படர்ந்த கொடியைத் திட்டத் தொடங்கிவிடுவார். "இண்டைக்கும் அந்தப் பக்கந்தான் சாஞ்சிருக்காய். சொன்னாக் கேக்கிறல்ல நீ!" சேட்டுப் பையிலிருந்து சைக்கிள் டியூப் துண்டொன்றை இழுத்து, விலகிய நுனியை மழைநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டுவார். கட்டடத்தின் கீழே இருக்கும் அவருடைய சைக்கிள் கடை அதற்குப் பிறகுதான் திறக்கும். ஒட்டுப் போட வந்தவர்கள் காத்து நிற்க வேண்டியதுதான். கேட்டால், "காத்துப் போன சைக்கிள் எங்க ஓடப்போகுது?" என்பார்.

சுனாமி வீட்டுத்திட்டத்துத் தொடர்மாடியில் அவருக்கு விழுந்தது இரண்டாம் மாடி. நிலமில்லாத வீட்டுக்காரனுக்கு முந்திரிகைக் கொடி ஒரு கேடா என்று அயல்வீட்டார் நாங்கள் சிரித்தோம். மனிதர் சுவரோரம் நட்டு மேலே ஏற்றியே விட்டார். பெயின்ற் அடிக்க வந்தவர்கள் கொடியை அறுக்கப் போனபோது, சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, "என்னையும் சேத்து அடிங்க" என்றார். சுவரில் அந்தக் கீற்று மட்டும் இன்றுவரை வெறும் சீமெந்து.

பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. இதன் தாய்க்கொடியைக் கடற்கரை வீட்டில் நட்டவர் அவர் மனைவி சுபைதா. அது காய்க்குமுன் கடல் வந்து சுபைதாவைக் கொண்டுபோனது. உப்பில் கருகிக்கொண்டிருந்த கொடியில் பச்சை தெரிந்த இடமாகப் பார்த்துக் கம்பு வெட்டி, அகதி முகாமில் பால்மா டின்களில் ஊன்றினார். ஒன்றே ஒன்று துளிர்த்தது. "அவ வெச்சது காய்க்காமப் போகப்படா. நான் மௌத்தாகிக் கண்ண மூடுறத்துக்குள்ள ஒரு குலையெண்டாலும் பாக்கணும்" என்பார். அப்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கொடியோ இலையாகவே தழைத்தது. எங்கள் ஊரில் திராட்சைக்குத்தான் முந்திரிகை என்று பெயர், பருப்பு வறுத்துத் தின்னும் கஜுவுக்கு மரமுந்திரிகை. முகாமுக்கு வந்த தமிழ்நாட்டு நிவாரணக்காரர் ஒருவரிடம் காக்கா, "முந்திரிகைய வெட்டணுமா?" என்று கேட்டிருக்கிறார். அவர், "முந்திரியை வெட்டவே வெட்டாதீங்க, தானாக் காய்க்கும்" என்று அருள்வாக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து இதில் ஓர் இலை கிள்ள எவராலும் முடியாது. என் மகள் சோறாக்கி விளையாட இரண்டு இலை பறித்ததற்கு, ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை இந்த மனிதர்!

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும், கடையின் பழைய வாடிக்கையாளர் பாண்டிருப்புக் கனகரெத்தினம் யாழ்ப்பாணம் போய்வந்தார். போன வாரம் காற்றடிக்க வந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன காக்கா, காடா வளத்து வெச்சிருக்கீங்க? அங்க யாழ்ப்பாணத் தோட்டங்கள்ல மொட்டையா வெட்டி உடுறாங்க. அதுக்கு மறுகாதான் குலை வருது."

"வெட்டப்படா எண்டு இந்தியாக்காரர் சொன்னாரே?"

"அவர் சொன்னது கஜுவ! அவங்கட ஊரில முந்திரியெண்டாக் கஜுதான் காக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காக்கா சிரிக்கவில்லை. "அப்ப இத்தின காலமும் காய்க்க உடாம வெச்சிருந்தது நான்தானா?" என்றார். ஐயோ, அந்தக் குரலைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கத்தரிக்கோலோடு வந்தார். எனக்குத்தான் பயம். "ஒரு பக்கத்த மட்டும் வெட்டிப் பாப்பமா காக்கா?"

"ஒண்ணா, அது சரிவராது. வெட்டினா முழுக்க வெட்டணும்."

பிஸ்மி சொல்லி முதல் கிளையை நறுக்கினார். வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டியது. உடுத்திருந்த சாறன் நுனியால் அதை ஒற்றித் துடைத்துவிட்டு, அடுத்த கிளையைப் பிடித்தார்.