காப்பாளர் கையெழுத்து

எழுபதுகளின் கடைசியில் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஒரு நாள் காலையில் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருத்தி தன் மகளைக் கூட்டிவந்தாள். பெண்ணுக்குப் பதினாலு வயது, கர்ப்பம் பத்து வாரம். அப்பா இல்லை. கூட வந்த சித்தப்பன் வெளியே பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் பாரத்தை என் பக்கம் தள்ளினார். "மைனர் பொண்ணு. காப்பாளர் கையெழுத்து வேணும். வெளிய கீற ஆம்பளகிட்ட வாங்கினு வா."

எடை பார்க்கும் சாக்கில் பெண்ணைத் தனியாக அழைத்துப்போய், யார் என்று கேட்டேன்.

"சித்தப்பாங்க. தறி ஓடிக்கினே இருக்கும். கத்துனாலும் கேக்காது."

தாய்க்கும் தெரிந்திருந்தது. "வெளிய சொன்னா நாங்க எங்கம்மா போறது? ஊடும் அவருது, தறியும் அவருது" என்றாள். அவளை அறைய வேண்டும்போல் இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குடும்ப விஷயம். போலீசு, கேசுன்னு போனா நம்ம ஆஸ்பத்திரி பேருதான் நாறும்."

பாரத்தை அவர் முன்னாலேயே படித்தேன். காப்பாளர் என்றுதான் போட்டிருந்தது. ஆண் என்று எங்கும் இல்லை. "பெத்தவ இருக்கும்போது கெடுத்தவன் எதுக்கு சார் கையெழுத்துப் போடணும்?" என்றேன். அவர் மைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். தாய் கைநாட்டு வைத்தாள். அன்றைக்கே கலைத்தார்கள்.

மதியம் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு பல் குத்திக்கொண்டே கேட்டார். "தாயார் எழுதிக் குடுத்தாளா?"

"இல்லீங்க."

"டாக்டரு?"

"இல்லீங்க."

"அப்ப நீ யாரு?"

இன்று இதைப் போலீசில் சொல்லாமல் மறைத்தால் குற்றம் என்கிறார்கள். அன்று சொல்லப் போனவள்தான் குற்றவாளி. நான் திரும்பி வருவதற்குள் டாக்டருக்குச் சேதி போயிருந்தது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

சாயங்காலம் சித்தப்பன் வார்டுக்குள் வந்தான். "கெளம்புங்க, பஸ்ஸு வந்துடும்" என்றான். பெண் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் அந்த ஊட்டுக்கு வரல."

தாய் மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ போ. மணவூர்ல எங்க அக்கா கீது. நாங்க அங்க போறோம்" என்றாள். கடைசியில் சொல்லிவிட்டாள். அவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் அரக்கோணம் வழியாகப் போகும் ரயிலில் இருவரையும் ஏற்றிவிட்டேன். அதன்பிறகு அவர்களைப் பார்க்கவில்லை.

அவனைப் பார்த்தேன், இரண்டு வருஷம் கழித்து, மார்க்கெட்டில். வெள்ளை வேட்டி, கையில் மாலை. "நல்லா கீறீங்களாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கும்பிட்டான். நான் கும்பிடவில்லை. அவன் முகத்தையே பார்த்தபடி நின்றேன், அவன் கை தானாகக் கீழே இறங்கும்வரை.